வெங்காயத்துக்கும் நண்டுக்கும் ஒரே பூட்டு

1. கைப்பையை வைக்க முன்னம்

திங்கட்கிழமை காலை. கைப்பையை இன்னும் மேசையில் வைக்கவில்லை, தொலைபேசி அடித்தது. எடுத்தால் துளசி. எங்கள் பல்கலைக்கழக வளாகத்தில் கடற்றொழில் துறையில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த பிள்ளை.

"மிஸ், ஒண்டும் திறக்குதில்லை. வெள்ளிக்கிழமை வரைக்கும் திறந்த கட்டுரைக்கு இண்டைக்குக் காசு கேக்குது. நான் இந்தக் கிழமை முடிச்சுக் குடுக்கோணும் மிஸ்!"

"பொறும், பொறும். கொம்பியூட்டரைப் போட விடும்."

அவளை மட்டும் பொறுக்கச் சொன்னேன். நான் பொறுக்கிற ஆள் இல்லை. வீட்டில் என்னைச் 'சுடுகுது மடியைப் பிடி' என்றுதான் கூப்பிடுவார்கள். கணினி விழிக்கும் வரைக்கும் இருக்க முடியாமல் எழும்பி யன்னலைத் திறந்தேன், திரும்ப மூடினேன். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று அடிக்கிற காலம். மேசை முழுக்கப் புழுதி வந்ததுதான் மிச்சம்.

துளசியின் அவசரம் எனக்குத் தெரியும். நீலக்கால் நண்டு எங்கள் கரையில் எந்தக் காலத்தில் முட்டை வைக்கிறது என்பதுதான் அவளுடைய ஆய்வு. அவள் பருத்தித்துறைப் பக்கம், தகப்பன் தொழிலுக்குப் போகிறவர். அவர் வலையில் வந்த நண்டைத்தான் வருடக்கணக்காக அளந்தாள், நிறுத்தாள். வாய்மொழிப் பரீட்சையும் முடிந்துவிட்டது. மற்ற நாடுகளில் அண்மையில் வந்த கட்டுரைகளோடு ஒப்பிட்டு ஒரு பகுதி சேர் என்று பரீட்சகர் எழுதியிருந்தார். அந்தக் குறிப்பு அவள் கையில் கிடைத்ததே போன கிழமைதான். வெள்ளிக்கிழமை பின்னேரத்துக்குள் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. பிள்ளைப்பேற்றுக்கு ஒரு தடவை, தகப்பனின் வள்ளம் புயலில் உடைந்தபோது ஒரு தடவை என்று காலநீடிப்பு இரண்டையும் ஏற்கெனவே வாங்கிவிட்டாள். மூன்றாவது கிடையாது.

கணினி விழித்தது. துளசி சொன்னது சரி. நண்டு மட்டும் இல்லை, அந்தப் பதிப்பகத்தின் இதழ் ஒன்றுமே திறக்கவில்லை. மருத்துவம், பொறியியல், விவசாயம் எல்லாம் பூட்டு.

இந்த நூலக வேலை தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். முன்பு ஆய்விதழ்கள் தபாலில் வந்தன, தட்டில் அடுக்கினோம். இப்போது வளாகம் வருடம்தோறும் பதிப்பகத்துக்குச் சந்தா கட்டுகிறது, அவர்கள் இணையத்தில் கதவைத் திறந்து விடுகிறார்கள். வளாகத்துக்குள் இருப்பவர் நேரே போகலாம். வீட்டிலிருப்பவர் தன் பெயரையும் பாஸ்வேர்ட்டையும் கொடுத்தால் எங்கள் சேர்வர் வழியாகப் போகலாம். ஆனால் பதிப்பகத்தின் கண்ணுக்கு நாங்கள் எல்லோரும் ஒரே வீட்டு ஆட்கள்தான். அந்த வீட்டில் ஒருவர் பிழைவிட்டாலும் பூட்டு எல்லோருக்கும் விழும்.

பிழை என்ன என்பது பதிப்பகம் அனுப்பிய ஈமெயிலில் இருந்தது. எங்கள் பக்கத்திலிருந்து யாரோ கட்டுரைகளை ஆண்டு ஆண்டாக, இதழ் இதழாக, மென்பொருள் போட்டு மொத்தமாக இறக்கியிருக்கிறார். அது ஒப்பந்தத்துக்கு விரோதம். இறக்கியவரைக் கண்டுபிடியுங்கள், இறக்கியதை அழிக்கச் செய்யுங்கள், அழித்தாயிற்று என்று எழுதித் தாருங்கள், அதன் பிறகு திறக்கிறோம் என்று மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். மரியாதையைப் படிக்கப் படிக்கத்தான் எனக்குக் கோபம் வந்தது.

2. முறைப்பாடு

ஆளைத் தேடுகிற வேலை எனக்கு வரவில்லை. ஆளே கூப்பிட்டார்.

"பிள்ளை, அருளானந்தம் கதைக்கிறன். உங்கடை இன்டர்நெட்டுக்கு என்ன நடந்தது? என்ரை டவுன்லோட் பாதியிலை நிண்டு போச்சு."

விவசாயத் துறையின் மூத்த விரிவுரையாளர் அவர். வட்டுக்கோட்டையில் மிஷன் பள்ளிக்கூடத்து ஆசிரியர் குடும்பம். ஒரு நூலையும் ஒரு நாள் பிந்திக் கொடுத்தது கிடையாது. குடையை எங்கள் வாசலில் மறந்துவிட்டுப் போனால், அதை வைத்திருந்ததற்கு அடுத்த நாள் நன்றி சொல்லி எடுப்பார். அப்படிப்பட்ட மனிதர்.

"சேர், என்னத்தை இறக்கினனீங்கள்?"

"வெங்காயம் முழுக்க முடிஞ்சுது. மிளகாயும் முடிஞ்சுது. மண் சம்பந்தமான இதழிலைதான் கொஞ்சம் மிச்சம். மருமோன் ஒரு சொஃப்ற்வெயர் போட்டுத் தந்தவர். நான் படுத்தாலும் அது தன்ரை பாட்டிலை இறக்கும். அருமையான சாமான், பிள்ளை!"

"ஐயோ சேர், உதாலைதான் எல்லாருக்கும் பூட்டிட்டாங்கள்!"

"ஆர் பூட்டினது?"

விளங்கப்படுத்தினேன். அழிக்க வேண்டும் என்ற சொல் வந்தவுடன் மறுபக்கத்தில் குரல் மாறிவிட்டது.

"அழிக்கிறதோ? ஏன் அழிக்கோணும்? வளாகம் காசு கட்டினது. நான் வளாகத்து ஆள். களவெடுத்தனானோ? அழிக்கமாட்டன்."

தொலைபேசியை வைத்துவிட்டார். பிறகு எத்தனை தரம் எடுத்தும் பதில் இல்லை.

3. பதறாத காரியம்

எங்கள் நூலகர் நல்ல மனிதர். ஆனால் அவருக்கு ஒரு நாளில் இருபத்துநான்கு மணித்தியாலம் என்பதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஓடிப்போய் விசயத்தைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டார். திரும்பக் கழற்றினார்.

"வதனி மிஸ், இது பாரதூரமான விசயம். முதல்லை நான் பீடாதிபதிக்கு ஒரு கடிதம் எழுதுறன். அவர் துறைத்தலைவருக்கு அனுப்புவார். அவர் சேரிட்டை விளக்கம் கேப்பார். பேந்து ஒரு குழு..."

"சேர், உதெல்லாம் நடந்து முடிய மாரி வந்திடும். துளசிக்கு வெள்ளிக்கிழமை!"

"ஒரு பிள்ளைக்காக முறையை விட ஏலுமே? பதறாத காரியம் சிதறாது, மிஸ்."

இந்தப் பழமொழியை அவர் எனக்குச் சொல்வது முதல் தடவை இல்லை. என் பெயரோடு சேர்த்தே சொல்லிப் பழகிவிட்டார். குழு என்று போனால் அருளானந்தம் சேர் ஒரு குற்றவாளியாக நிற்க வேண்டி வரும், அதற்குள் துளசியின் பதிவும் போய்விடும்.

செவ்வாய்க்கிழமை துளசி குழந்தையைத் தாயிடம் விட்டுவிட்டு நூலகத்தில் வந்து குந்திவிட்டாள். கட்டுரை எழுதிய ஆய்வாளர்களுக்கெல்லாம் ஈமெயில் போட்டோம். ஒருவர் மட்டும், விடுமுறையில் இருக்கிறேன் என்று தானியங்கிப் பதில் அனுப்பினார்.

"வெளிநாட்டிலை உமக்கு ஆரும் சொந்தம் இல்லையோ? அங்கத்தைப் பல்கலைக்கழகத்திலை எடுத்து அனுப்பச் சொல்லலாமே" என்று கேட்டேன்.

"ரொறொன்ரோவிலை என்ரை புருசன்ரை அண்ணை இருக்கிறார் மிஸ். லொறி ஓட்டுறார்."

"களவாய் எடுக்கிற வலைத்தளம் எண்டு பெடியள் கதைக்கிறவை..."

சொன்ன பிறகுதான் நூலகத்து ஆள் இதைச் சொல்லலாமா என்று வாயைப் பொத்தினேன். அவள் சிரிக்கவில்லை. "எல்லாம் பாத்திட்டன். பழசெல்லாம் கிடக்கு. பரீட்சகர் கேட்டது புதுசு" என்றாள்.

புதன்கிழமை மத்தியானம் வரைக்கும் அந்தப் பக்கத்தை நான் எத்தனை தரம் தட்டியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. பூட்டு, பூட்டு, பூட்டு. சோற்றுப் பார்சலைத் திறந்துவிட்டுச் சாப்பிடாமல் திரும்பக் கட்டினேன். அரைநாள் லீவு எழுதி நூலகரின் மேசையில் வைத்துவிட்டு ஸ்கூட்டிச் சாவியை எடுத்தேன். படியிறங்கத் துளசி பின்னால் வந்து நின்றாள்.

"எங்கை மிஸ் போறியள்?"

"வட்டுக்கோட்டைக்கு."

"நானும் வாறன்."

"நீர் வந்து என்ன செய்யப் போறீர்?"

"பிச்சை கேக்கப் போறனோ, சண்டை பிடிக்கப் போறனோ தெரியாது மிஸ். வாறன்."

4. பிஸ்கட் ரின்

வயல்வெளிக்குள் ஏறியதும் காற்று ஸ்கூட்டியை ஒரு பக்கமாகத் தள்ளியது. துளசி என் தோளைப் பிடித்த பிடியில் அடுத்த நாளும் நோவு இருந்தது. இருவரும் ஒன்றும் கதைக்கவில்லை. வாயைத் திறந்தால் புழுதி.

அருளானந்தம் சேரின் மனைவி கதவைத் திறந்தார். ஓய்வு பெற்ற ஆசிரியை, ஊருக்கே ரீச்சர். எங்களைப் பார்த்தவுடனேயே, "அவர் ரெண்டு நாளாய்ச் சாப்பாடும் ஒழுங்காய் இல்லை. அறைக்குள்ளைதான். வாங்கோ, தேத்தண்ணி போடுறன்" என்றார்.

அறைக்குள் போனோம். ஒரு சுவர் முழுக்க அலுமாரி. அதன் கதவு திறந்து கிடந்தது. மேல் தட்டில் சவர்க்காரம், கட்டுக்கட்டாக. அடுத்ததில் மெழுகுதிரி, நெருப்புப்பெட்டி, பற்றரி, கொப்பிகள். கீழே இரண்டு மண்ணெண்ணெய்க் கான். துளசி முழிசினாள். அவளுடைய வயதுக்கு அது கடை போலத் தெரிந்திருக்கும். நான் முழிசவில்லை. எங்கள் வீட்டிலும் குசினிக்குப் பின்னால் ஒரு கான் இருக்கிறது. போர்க்காலத்துப் பொருளாதாரத் தடை நீங்கி எவ்வளவு காலம் என்றாலும் அதை வெறுமையாக விட எனக்கு மனம் வராது.

நடுத் தட்டில் பிஸ்கட் ரின்கள். சேர் ஒன்றைத் திறந்து காட்டினார். உள்ளே பொலித்தீனில் சுற்றிய ஹார்ட் டிஸ்க்குகள். ஒவ்வொன்றிலும் பிளாஸ்ரர் ஒட்டி அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. வெங்காயம். மிளகாய். மண் – முடியவில்லை.

"இரும் பிள்ளை. நீங்கள் என்னத்துக்கு வந்தனீங்கள் எண்டு தெரியும். முதல்லை நான் சொல்லுறதைக் கேளும்."

கதிரையில் உட்கார்ந்தேன். கால் ஆடிக்கொண்டே இருந்தது.

"தொண்ணூறுகளிலை நான் சின்ன வெங்காயத்திலை வாற அழுகல் நோயைப் பற்றி வேலை தொடங்கினனான். அப்ப ஒரு இதழிலை அதே விசயம், பகுதி ஒண்டு எண்டு வந்தது. பகுதி ரெண்டு அடுத்த இதழிலை எண்டு கீழை போட்டிருந்தவன். அந்த இதழ் வரேல்லை. பாதை பூட்டு. கப்பலிலை அரிசி வரவே வழியில்லை, ஆர் இதழ் கொண்டுவாறது? நான் என்ன செய்தன்? பகுதி ரெண்டிலை என்ன இருக்கும் எண்டு யோசிச்சு, அதை நானே செய்தன். தோட்டத் தோட்டமாய்ச் சைக்கிளிலை திரிஞ்சு, கரண்ட் இல்லாமல், வருசக்கணக்காய். பாதை திறந்தாப் பிறகு அந்த இதழ் கையிலை வந்தது. நான் கண்டதெல்லாம் அதிலை அச்சடிச்சுக் கிடக்குது, பிள்ளை. ஒரு வசனம் மிச்சமில்லை. என்ரை வயசின்ரை நல்ல காலம் முழுக்க, மற்றவன் முடிச்ச வேலையைத் திரும்பச் செய்திருக்கிறன்."

எனக்குக் கால் ஆடுவது நின்றது. அந்தக் காலத்தில் நான் புதிதாக வேலைக்குச் சேர்ந்த உதவியாளர். ஆய்விதழ்த் தட்டு என் பொறுப்பு. தட்டுகள் வெறுமை. ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு இதழின் பதிவட்டையிலும் பென்சிலால் 'வரவில்லை' என்று எழுதுவதுதான் வேலை. ஒரு மெல்லிய இளம் விரிவுரையாளர் சைக்கிளை வாசலில் சாத்திவிட்டு வந்து, "வந்திட்டுதோ?" என்று கேட்பார். "இல்லை சேர்" என்பேன். தலையை ஆட்டிவிட்டுப் போவார். அடுத்த மாதமும் வருவார். எதற்காக வருகிறார் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. எதுக்கு இந்த மனிசன் இப்படி அலையுது என்று எரிச்சல்தான் பட்டிருக்கிறேன்.

"அதாலைதான் சொல்லுறன்" என்றார் சேர். "கதவு திறந்திருக்கேக்கை எடுத்து வைக்கிறவன் தப்புவான். இந்த ஊரிலை இருந்தவனுக்கு அது தெரியும். துளசி, உமக்கு வேண்டின கட்டுரை இதுக்குள்ளை இருந்தால் இப்பவே எடும்."

"இதுக்குள்ளை நண்டு இருக்கோ சேர்?"

"நண்டோ? இல்லை. நான் விவசாயம் மட்டும்தான்..."

துளசி எழும்பிவிட்டாள்.

"சேர், உங்களுக்கு அண்டைக்கு வராமல் போனதுக்குக் காரணம் சண்டை. எனக்கு இண்டைக்கு வராமல் நிக்கிறதுக்குக் காரணம் நீங்கள். என்ரை அப்பா தந்த நண்டை அளந்து அளந்து நானும் வருசக்கணக்காய்த்தான் செய்தனான். வெள்ளிக்கிழமை போனால் எனக்கும் ஒண்டும் மிச்சமில்லை."

ரீச்சர் தேநீர்த் தட்டோடு வாசலில் நின்றவர் அப்படியே நின்றார். எனக்கு அவளைத் தடுக்கவும் மனமில்லை, சேரின் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை. சேர் கண்ணைத் தாழ்த்திப் பிஸ்கட் ரின்னின் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, உம்மிட்டை ஒண்டு கேக்கிறன். உண்மையைச் சொல்லும். இதை நான் அழிக்கிறன் எண்டு வையும். நாளைக்கு வளாகத்தாலை சந்தா கட்ட ஏலாமல் போனால், இவ்வளவு காலமும் காசு கட்டின இதழ்கள் எங்களுக்கு மிஞ்சுமோ?"

பொய் சொல்லியிருக்கலாம். வெள்ளிக்கிழமைக்காகச் சொல்லியிருக்கலாம்தான். வாயில் வரவில்லை.

"மிஞ்சாது சேர். எல்லாம் சேர்ந்து போகும்."

"அப்ப நீங்கள் வாங்கினது என்ன?"

"வாங்கேல்லை சேர். வாடகைக்கு எடுத்திருக்கிறம்."

"தபாலிலை வந்த காலத்திலை, நிப்பாட்டினாலும் பழைய இதழ் தட்டிலை இருந்தது."

"ஓம் சேர். இருந்தது."

"இதை ஒருத்தரும் அவங்களிட்டைக் கேக்கேல்லையோ?"

"கேக்கேல்லை சேர்."

கணினியை இழுத்து முதல் ஹார்ட் டிஸ்க்கைச் செருகினார். "நீர் கேக்கோணும்" என்றார். "நான் அழிக்கிறன். ஆனா நீர் கேக்கோணும்."

வெங்காயம் போனது. மிளகாய் போனது. மண் போனது. ஒவ்வொன்றும் அழிந்து முடியும் வரைக்கும் அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எனக்குப் பொறுக்க முடியாமல், "சேர், வாசிக்கிறதுக்கு ஒண்டு ரெண்டு வைச்சிருக்கலாம். அது குற்றமில்லை. அந்தப் பகுதி ரெண்டை எண்டாலும் வைச்சிருங்கோ" என்றேன்.

"அது எனக்கு மனப்பாடம், பிள்ளை. தேவையில்லை."

அழித்தாயிற்று, இனி இப்படிச் செய்யமாட்டேன் என்று எழுதிக் கையொப்பமும் வைத்தார். தேநீர் ஆறிப் போயிருந்தது. குடித்தோம். போகும்போது ரீச்சர் துளசியின் குழந்தைக்கென்று இரண்டு சவர்க்காரக் கட்டியைக் கொண்டுவந்து பையில் திணித்தார்.

வியாழக்கிழமை காலை நூலகர் கையொப்பத்தைப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்தார், என்னைப் பார்த்தார். "இனிக் குழு தேவையில்லைப் போலை" என்று தானும் கையொப்பமிட்டார். உடனே பதிப்பகத்துக்கு அனுப்பினேன். மனிசனை அன்றைக்குக் கும்பிட்டிருப்பேன். பின்னேரம் கதவு திறந்தது. துளசி வெள்ளிக்கிழமை, பதிவாளர் கந்தோர் பூட்டுவதற்கு முன்னம், ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு வந்து என் மேசைக்கு முன்னால் நின்று அழுதாள். நானும் அழுதேன். பிறகு சத்தம் போட்டு வேலைக்குத் துரத்திவிட்டேன்.

5. கேட்டேன்

சந்தாவைப் புதுப்பிக்கிற காலம் வந்தது. பல வளாகங்கள் சேர்ந்து பதிப்பகங்களோடு சூமில் பேசுகிற கூட்டம். எல்லோரும் விலையைப் பற்றியே கதைத்தார்கள். என் முறை வந்ததும், சந்தா நின்றுபோனால் கட்டிய வருடங்களின் இதழ்கள் எங்களிடம் இருக்குமா என்று கேட்டேன்.

எங்களைப் பூட்டிய அந்தப் பெரிய பதிப்பகத்தின் பிரதிநிதி சிரித்தார். நீங்கள் ஏன் நிறுத்தப்போகிறீர்கள், எங்கள் சேவையில் குறையா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

நாங்கள் நிறுத்தமாட்டோம் ஐயா, எங்கள் ஊரில் சாமான்கள் தாமாகவே நின்றுபோகும் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. சின்னப் பதிப்பகங்கள் இரண்டு ஒப்பந்தத்தில் அதற்கு ஒரு வாசகம் சேர்க்கச் சம்மதித்தன. பெரியவர் பிறகு பார்ப்போம் என்றார். நூலகர் என்னைப் பார்த்து, இப்போதைக்குப் போதும் என்று தலையை ஆட்ட, அந்த வருடம் அப்படியே கையெழுத்தானது.

பிறகு நாட்டில் டொலர் இல்லாத காலம் வந்தது. பெற்றோலுக்கு வரிசை, காசுக்கு வரிசை. ஆய்விதழுக்கு யார் வரிசையில் நிற்பது? சந்தா போகவில்லை. ஒரு நாள் காலை வந்து பார்க்கிறேன், பெரிய பதிப்பகம் முழுவதும் பூட்டு. மற்ற இரண்டிலும் பழைய வருடங்கள் திறந்தபடி இருந்தன. அவற்றைத் திறந்து பார்த்தேன், மூடினேன், திரும்பத் திறந்தேன். சந்தோசப்பட முடியவில்லை. வெங்காயம் இருந்தது பெரியதில்.

பத்து மணிக்குத் தொலைபேசி அடித்தது.

"பிள்ளை, வெங்காயம் பூட்டிட்டுது."

"ஓம் சேர். உங்களை அழிக்கச் சொன்னது நான்தான் சேர்."

"துளசி முடிச்சிட்டாள் தானே?"

"முடிச்சிட்டா சேர். இப்ப இங்கையே படிப்பிக்கிறா."

"அப்ப சரி" என்று வைத்துவிட்டார்.

ஏசியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

6. கடைசிப் பக்கம்

நாடு கொஞ்சம் மூச்சு விடத் தொடங்கியதும் பெரிய பதிப்பகம் தேடி வந்தது. விலையும் குறைத்திருந்தார்கள். உடனே கையெழுத்திட்டால் அடுத்த நாளே திறக்கிறோம் என்றார்கள். மருத்துவத் துறையிலிருந்து ஏச்சு, பொறியியலிலிருந்து ஏச்சு. துளசி இப்போது நூலகக் குழுவில் ஒரு ஆள். அவளும் வந்து நின்றாள்.

"மிஸ், என்ரை மாணவர் என்னைத் தின்னுகினம். கெதியாய்ப் போட்டு விடுங்கோவன்."

"பொறும்."

"நீங்களோ மிஸ் பொறுக்கச் சொல்லுறியள்?"

நூலகரும் ஒரு நாள் என் மேசைக்கு வந்து, "வதனி மிஸ், எல்லாரும் என்னைக் கேக்கினம்" என்றார்.

"பதறாத காரியம் சிதறாது, சேர்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றாமலே சிரித்துவிட்டார்.

எனக்கா அது சுகமாக இருந்தது? நித்திரை இல்லை. நகத்தைக் கடித்துக் கடித்து விரல் புண். காலையில் வந்தவுடன் ஈமெயிலைத் தட்டுவேன், பின்னேரம் போகும்போது தட்டுவேன். வாசகத்தை மழுப்பி மழுப்பி அனுப்பினார்கள். நான் திருப்பித் திருப்பி அனுப்பினேன். கடைசியில் வந்தது. சந்தா எந்தக் காரணத்தால் நின்றாலும், கட்டிய வருடங்கள் எங்களுக்கு. தெளிவாக, ஒரே வசனத்தில்.

இந்த வேலைக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். எத்தனை ஆயிரம் இதழ், எவ்வளவு விலை என்று முதல் பக்கத்தில் மினுக்கிக் காட்டுவார்கள். அதை அப்புறம் பாருங்கள். ஒப்பந்தத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து வாசியுங்கள். நின்றுபோகிற நாளில் என்ன மிஞ்சும் என்பது அங்கேதான் இருக்கும். நின்றுபோகாது என்று சொல்கிறவர் இந்த ஊரில் இருந்திருக்கமாட்டார்.

கையெழுத்தான அன்று அருளானந்தம் சேருக்குத் தொலைபேசி எடுத்தேன். நான் வாயைத் திறக்க முன்னமே கேட்டார்.

"வந்திட்டுதோ?"

அந்தக் கேள்விக்கு இவ்வளவு காலமும் ஒரே பதில்தான் சொல்லியிருக்கிறேன்.

"ஓம் சேர். வந்திட்டுது. இனிப் பூட்டினாலும் வெங்காயம் எங்கடை."

"எழுத்திலை தந்தவங்களோ?"

"எழுத்திலைதான் சேர்."

"அந்தப் பக்கத்தை ஒரு கொப்பி அடிச்சு எனக்கு அனுப்பும், பிள்ளை. ரின்னுக்குள்ளை வைக்கிறன்."

அனுப்பினேன். பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு பிரதி அடித்து, வீட்டில் மண்ணெண்ணெய்க் கானுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.